மயக்கம் தெளிந்து வீடு திரும்பியவர்: தொழுகையும் வீட்டார் கடமையும்

வயிற்றுப்புண், நீங்காத நெஞ்செரிச்சல், மலத்தில் இரத்தம் என்று டாக்டரிடம் போனால், "குழாய் விட்டுப் பார்த்துவிடலாம்" என்று அவர் சொல்வது இன்று சாதாரணமாகிவிட்டது. நுனியில் விளக்கும் காமிராவும் பொருத்திய குழாயை வாய் வழியாக இரைப்பைக்கோ, பின்துவாரம் வழியாகப் பெருங்குடலுக்கோ செலுத்தி உள்ளிருப்பதைக் கண்ணால் காண்பதே எண்டோஸ்கோப்பி என்னும் இப்பரிசோதனை. 1868ல் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்து வந்து, அவர் தொண்டையில் நேரான உலோகக் குழாயை இறக்கித்தான் இரைப்பைக்குள் எட்டிப் பார்த்தார். 1957ல் கண்ணாடி இழைகளாலான, நன்கு வளையும் குழாய் வந்த பிறகே சாதாரண மனிதரும் இதைத் தாங்க முடிந்தது. இப்பொழுதோ அந்தச் சிரமமும் தெரியாதிருக்க ஊசி மூலம் அரை மயக்கம் கொடுத்துவிடுகிறார்கள்.

இரைப்பைக்குப் பத்து இருபது நிமிடம், பெருங்குடலுக்கு அரைமணி அல்லது சற்றுக் கூடுதல், அவ்வளவே வேலை. ஒன்றிரண்டு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே மிச்சப் பொழுது முழுவதும் நோயாளியின் பொறுப்பு வீட்டார் தலையில் வந்து விழுகிறது. என்ன சாப்பிடலாம், எப்போது மாத்திரை என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதித் தருகிறார்கள். ஒளூ என்ன ஆயிற்று, லுஹரை எப்போது தொழுவது, குளிப்பு கடமையா என்பதையெல்லாம் அந்தச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. நம்மிடம் இதுபற்றிக் கேட்போர் பெருகி வருவதால் சற்று விரிவாகவே எழுத நேர்ந்தது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். அறிவை மறைக்கும் பொருளை உட்கொள்வது ஹராமாயிற்றே, மயக்க ஊசி போட்டுக் கொள்ளலாமா என்று பேணுதலுள்ள பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். இக்கேள்வி புதியதன்று. அழுகிப்போன கையை வெட்டி எடுப்பதற்காக அறிவை நீக்கும் மருந்தை உட்கொள்ளலாமா என்ற மஸ்அலாவை நம் முன்னோர்களே ஆராய்ந்து, கூடும் என்பதே மிகச் சரியான சொல் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தங்கள் நூலில் எழுதிச் சென்றுள்ளார்கள். அவர்கள் வபாத்தானது ஹிஜ்ரி 676ல். தேவைக்காக, டாக்டர் அளவறிந்து கொடுக்கும் மயக்கத்தில் குற்றமில்லை.

பேசுகிறார், ஆனால் அறிவு திரும்பவில்லை

இந்த மயக்கத்தின் தன்மையைப் புரிந்து கொள்ளாததுதான் பல தவறுகளுக்குக் காரணம். அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் முழு மயக்கம் வேறு, இது வேறு. இதற்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மிடசோலம் போன்ற மருந்துகளுக்கு விசித்திரமான குணம் ஒன்று உண்டு. நோயாளி கண் திறப்பார். ஸலாம் சொன்னால் பதில் சொல்வார். சட்டையைத் தானே மாட்டிக் கொள்வார். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். மறுநாள் கேட்டால், "நான் எப்படி வீட்டுக்கு வந்தேன்?" என்பார். நாக்கு விழித்துக் கொண்டது, நினைவு விழிக்கவில்லை. அதனால்தான் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

நமது ஷரீஅத்தோ மார்க்கக் கடமைகள் அனைத்தையும் அக்ல் என்னும் அறிவின் மீதே நிறுத்தியிருக்கிறது. தூங்குபவர் விழிக்கும் வரையும், சிறுபிள்ளை பருவமடையும் வரையும், சித்தம் கலங்கியவர் தெளியும் வரையும் இவர்கள் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது யாவரும் அறிந்ததே. ஆகவே இந்த நோயாளி விஷயத்தில் எதைக் கேட்டாலும், இவருக்கு அறிவு முழுவதும் திரும்பிவிட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவரே சொல்வது இதற்குச் சாட்சியாகாது.

ஒளூவும் குளிப்பும்

மயக்கம் ஒளூவை முறிக்கும். ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் இதில் பேதமில்லை. ஐந்து நிமிட மயக்கமாயினும் சரியே. படுத்தபடியே அசையாமல் இருந்தேன், ஒளூ இருக்கிறது என்று எண்ணி அப்படியே தொழுதவர், அத்தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டும்.

குளிப்பு கடமையாவதில்லை. பின்துவாரம் வழியாகக் குழாய் விட்டதாலும் குளிப்பு கடமையாகாது. ஆனால் மயக்கம் தெளிந்தவர் குளிப்பது சுன்னத்து. இதற்கு ஆதாரமாக உள்ளது அண்ணலாரின் இறுதி நோயின்போது நடந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. நோய் கடுமையானபோது, மக்கள் தொழுதுவிட்டார்களா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை, தங்களை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றதும், தொட்டியில் தண்ணீர் வைக்கச் சொல்லிக் குளித்துவிட்டு எழ முயன்றார்கள், மயங்கிவிட்டார்கள். தெளிந்ததும் அதே கேள்வி, அதே தண்ணீர், மறுபடியும் மயக்கம். இவ்வாறு பலமுறை நிகழ்ந்த பிறகே, மக்களுக்குத் தொழவைக்கும்படி அபூபக்ரு (ரலி) அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

கண் திறந்ததும் தொழுகையைக் கேட்ட அந்தக் கவலை நமக்கு வேண்டும். அதே நிகழ்ச்சியில், தம்மால் இயலாதபோது அந்த மாநபி பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்ததையும் கவனிக்க வேண்டும். சுன்னத்தான குளிப்பைத் தலைசுற்றல் தீராத மனிதர் வழுக்கும் குளியலறைக்குள் போய்த் தனியாகச் செய்ய வேண்டிய அவசியமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மணி நேரத்திற்குள் குளிக்கப் போய் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்துவிட்ட முதியவரை நாம் அறிவோம். குழாய் பரிசோதனையில் அவருக்கு ஒரு கோளாறும் இல்லை என்றே வந்திருந்தது. மறுநாள் குளித்தால் போதும். "ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் வரக் கூடாது" என்று சில வீடுகளில் மூதாட்டிகள் சொல்வது எந்தக் கிதாபிலும் இல்லாதது. நம் மார்க்கத்தில் ஆஸ்பத்திரித் தீட்டு என்று ஒன்று கிடையாது. காயம்பட்டவரைக் குளித்தே ஆகவேண்டும் என்று தோழர்கள் சொல்லி, அவர் குளித்து இறந்துபோன செய்தி கேட்டு, அறியாதவர்கள் கேட்டுத் தெரிந்து கொண்டிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்து கொண்டது அபூதாவூதில் இருக்கிறது.

ஒளூச் செய்ய அமர்வதற்கு முன், ஊசி ஏற்றிய புறங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் நின்றுவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பிளாஸ்திரிக்கு வேலையில்லை. எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும். அது ஒட்டியபடியே ஒளூச் செய்தால் அடியில் தண்ணீர் படாது, ஒளூ நிறைவேறாது. நாற்காலியில் உட்கார வைத்து, மகனோ மகளோ சொம்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது நல்லது.

பெருங்குடல் பரிசோதனை செய்தவருக்கு வேறொரு சிரமம் உண்டு. குடலை விரித்துப் பார்ப்பதற்காக உள்ளே காற்றைச் செலுத்தியிருப்பார்கள். அது சில மணி நேரம் வரை பிரிந்து கொண்டேயிருக்கும். அவ்வளவும் ஒளூவை முறிக்கும். இதைக் கண்டு சலித்துப்போய்த் தொழுகையையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இவரை உடனே மஃதூர் என்னும் தொடர் உபாதையுள்ளவராகக் கருத வேண்டியதில்லை. இது சிறிது நேரத்தில் அடங்கிவிடும் காற்றாதலால், தொழுகையின் நேரத்துக்குள்ளேயே அமைதியான இடைவெளி கிடைக்கும் வரை தாமதித்து, ஒளூச் செய்து தொழுதுவிட வேண்டும். நடந்து கொடுத்தாலும், இடப்பக்கம் சாய்ந்து படுத்தாலும் காற்று சீக்கிரம் வெளியேறும். வாய்வழிப் பரிசோதனைக்குப் பின் வரும் ஏப்பத்தால் ஒளூ முறியாது. சதைத் துணுக்கு எடுத்திருந்தால் எச்சிலில் சிறிது இரத்தம் கலந்து வரலாம். வாயைக் கொப்பளித்துச் சுத்தம் செய்து கொள்க. ஹனபிகளுக்கு, எச்சிலை மிகைத்தோ அதற்குச் சமமாகவோ இரத்தம் வந்தால் ஒளூ முறியும், ஷாபிஈகளுக்கு முறியாது. பின்துவாரத்திலிருந்து வரும் இரத்தம் இரு மத்ஹபிலும் ஒளூவை முறிக்கும்.

தொழுகையின் நேரம்

பரிசோதனை பெரும்பாலும் காலையில் நடக்கிறது. வீடு வந்து சேரும்போது லுஹர் நேரம் நுழைந்திருக்கும் அல்லது நெருங்கியிருக்கும். நம் பகுதியில் ஷாபிஈ அஸர் வரை மூன்று மணி நேரத்துக்கும் மேல் லுஹருக்கு அவகாசம் இருக்கிறது. ஹனபிகளுக்கு இன்னும் ஒரு மணி அளவு கூடுதல். இந்த அவகாசம் அல்லாஹ் தந்த சலுகை. வந்ததும் வராததுமாகத் தள்ளாடி நிற்க வேண்டாம். தாம் சொல்வது இன்னதென்று தெரியாத நிலையில் தொழுகையை நெருங்கலாகாது என்று நான்காவது அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா தடுத்திருக்கிறான். அது போதை பற்றி இறங்கியதெனினும், அதன் காரணம் இங்கும் பொருந்துகிறது. தொழும்போது தூக்கக் கலக்கம் மேலிட்டால் உறங்கித் தெளிந்த பின் தொழும்படியும், இல்லையேல் பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துத் தம்மையே ஏசிக் கொள்ள நேரும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

தெளிந்துவிட்டதை எப்படி அறிவது? இன்று என்ன கிழமை, எந்த வக்து என்று கேளுங்கள். பாத்திஹா சூராவைத் தடுமாறாமல் ஓதச் சொல்லுங்கள். பேச்சு குழறாமல், இடையில் கண் சொருகாமல் ஓதினால் தொழலாம். நிற்க முடிந்தால் நின்றும், தலைசுற்றினால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த முறை. வயிற்றுப் பரிசோதனை செய்தவருக்கு ருகூவில் குனியும்போது குமட்டலும் கிறுகிறுப்பும் வருவது சகஜம். அந்த அளவு குனிந்தால் போதும்.

நோயாளி வீட்டில் வந்து மூன்று நான்கு மணி நேரம் உறங்குகிறாரே, அது மயக்கமா, தூக்கமா? தட்டிக் கூப்பிட்டால் கண் விழித்துப் பதில் சொல்கிறாரென்றால் அது தூக்கம். தூக்கத்தின் சட்டமே அதற்கு. உறங்கியோ மறந்தோ தொழுகையைத் தவற விட்டவர் விழித்ததும் தொழுதுவிட வேண்டும். வக்து முடிய அரைமணி இருக்கும்போது வீட்டிலுள்ளவர் மெல்ல எழுப்பிவிடுவது பெரிய உபகாரம். எழுப்பியும் தெளியாமல் வக்து கடந்துவிட்டால் குற்றமில்லை; தெளிந்ததும் களாச் செய்வார். நாட்கணக்கில் நீடிக்கும் மயக்கத்துக்குத் தொழுகை நீங்குவது பற்றி இமாம்கள் பேசியதை எடுத்துக் கொண்டு, அரைமணி மயக்கத்துக்கு அன்றைய தொழுகை மன்னிக்கப்பட்டுவிட்டது என்று சிலர் சொல்வது தவறு.

உரக்கக் கூப்பிட்டும் தட்டியும் விழிக்காவிட்டால், அது மஸ்அலா பார்க்க வேண்டிய நேரமன்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

நோய்க்காக லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாமா என்றும் கேட்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான சொல்லில் நோய்க்காகச் சேர்த்துத் தொழ அனுமதியில்லை. ஆயினும் கூடும் என்ற சொல்லை இமாம் நவவி (ரஹ்) அவர்களே தேர்வு செய்து பலப்படுத்தியிருப்பதால், மெய்யான சிரமத்தில் இருப்பவர் அதன்படி அமல் செய்யலாம். ஹனபிகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்பத்திலும் தொழுதால் ஒரே ஒளூவில் இரண்டும் அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமையானால் நோயாளி மீது ஜும்ஆ கடமையில்லை. வீட்டில் லுஹர் தொழ வேண்டும். துணைக்கு இருப்பவர் விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. நோயாளியைத் தனியே விட்டால் இடையூறு நேரும் என்ற நிலையில் அவருக்குப் பணிவிடை செய்பவருக்கும் ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் விட அனுமதியுண்டு. பத்ரில் பங்கு பெற்றவர்களில் ஒருவரான ஸஈத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை நோயுற்றதாகக் கேள்விப்பட்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், பகல் உயர்ந்து ஜும்ஆ நெருங்கிய வேளையில் ஜும்ஆவை விட்டுவிட்டு அவரிடம் சென்றார்கள் என்று புகாரியில் வந்துள்ளது. வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது, அரைத் தூக்கத்தில் கிடக்கும் அத்தாவைப் பூட்டி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் மகனை நாம் புகழ மாட்டோம்.

தண்ணீரும் கஞ்சியும்

வாய்வழிக் குழாய்க்கு முன் தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை விழுங்கும் உணர்வு சரியாக இராது. அந்நேரத்தில் கொடுக்கும் தண்ணீர் உணவுக் குழாய்க்குப் பதிலாக மூச்சுக் குழாயில் இறங்கிவிடக் கூடும். இங்கேதான் அன்பினால் ஆபத்து விளைகிறது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஓதி ஊதிய தண்ணீரையும், பத்திரமாக வைத்திருந்த ஸம்ஸத்தையும் வாயில் ஊற்றுகிறார்கள். பரக்கத்து ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் குறைந்துவிடாது. தொண்டை உணர்வு திரும்பியதும் நிமிர்ந்து உட்கார வைத்து, முதலில் ஒரு மிடறு. இருமல் வராவிட்டால் அடுத்தது.

பிறகு ஆறிய கஞ்சி, இட்லி, தயிர்சாதம். நோயாளியின் மனத்துக்கு ஆறுதல் தருவதென்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் மாவுக்கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள். பட்டினி கிடந்தாரே என்று இறைச்சி ஆணத்தை அன்றைக்கே வைக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவரும் எதை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்.

காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, கல்லைப் போல் உப்பிய வயிறு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இரத்த வாந்தி, தார் போன்ற கருப்பு மலம், நிற்காத இரத்தப்போக்கு இவற்றில் எது வந்தாலும் இரவு பன்னிரண்டு மணியானாலும் புறப்பட்டுவிட வேண்டும். குடலில் சதை வளர்ச்சியை அகற்றியவர்களுக்கு இரத்தப்போக்கு சில நாட்கள் கழித்தும், சில சமயம் இரண்டு வாரம் வரையிலும்கூட வரலாம். வெளியூர்ப் பயணத்தை அதற்குத் தக்கபடி தள்ளிப் போடுக.

நாக்கு உதிர்த்தவை

மயக்கம் தெளியும் வேளையில் மனிதர் என்னென்னவோ பேசுவார். பழைய கடன், குடும்பச் சச்சரவு, மனத்தில் புதைத்து வைத்தது எல்லாம் வெளியே வரும். பக்கத்திலிருப்பவர் காதில் விழுந்தது அமானிதம். அதைச் சம்பந்தி வீட்டில் சொல்லிச் சிரிப்பது புறம் பேசுவதில் சேரும். அவர் உளறுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து உறவினர் அனைவருக்கும் அனுப்பும் பழக்கம் இளையவர்களிடம் பரவியிருக்கிறது. ஆடை விலகியிருப்பதும் தெரியாத ஒருவரின், அதிலும் பெண்ணின் படத்தை அவர் அனுமதியின்றி எடுப்பது விளையாட்டன்று.

இந்நிலையில் அவர் சொல்லும் விற்பனை, தானம், கடன் தள்ளுபடி எதுவும் செல்லாது. "கடையை மூத்தவனுக்கே கொடுத்துவிட்டேன் என்று வாப்பா அன்று சொன்னாரே" என்று பிறகு சாட்சி கூட்டுவதில் பயனில்லை. அந்த நாளில் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது மோசடி. தேவைக்காகக் கொடுத்த மருந்தினால் அறிவு மறைந்திருந்தபோது தலாக் என்ற சொல் வாயிலிருந்து வந்திருந்தால் அது நிகழாது. இரு மத்ஹபின் இமாம்களும் இதைக் கூறியுள்ளார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத் தன் வாழ்வே முடிந்துவிட்டதாக அழுது கொண்டு பெட்டியைக் கட்டும் பெண்ணை யாராவது தடுத்து உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் உண்மையில் தெளியாதிருந்தாரா என்பதைக் கணவரோ மாமியாரோ தாமாகத் தீர்மானித்துவிடக் கூடாது. மருந்து கொடுத்த நேரமும் அளவும் எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டுடன், உடனிருந்தவர்களையும் அழைத்துக் கொண்டு ஊர் உலமாக்களிடம் போய் விளக்கம் பெற வேண்டும்.

ரமளானில் வந்தால்

அவசரமில்லை என்று டாக்டர் சொன்னால் பெருநாளுக்குப் பின் வைத்துக் கொள்ளலாம். அவசரமானால் தயங்க வேண்டாம். ஷாபிஈ மத்ஹபில் தொண்டை வழியாகவோ பின்துவாரம் வழியாகவோ எப்பொருள் உட்புகுந்தாலும் நோன்பு முறியும். குழாயும் அதில் அடங்கும். ஹனபி மத்ஹபில் ஒரு முனை வெளியே இருக்கும் உலர்ந்த குழாயால் முறியாது என்றிருப்பினும், காமிராவைக் கழுவுவதற்காக உள்ளே நீரைப் பீய்ச்சுவதாலும் குழாயில் வழுக்கு மருந்து தடவுவதாலும் முறிந்துவிடும். 1997ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, திரவமோ வேறு பொருளோ சேராத இரைப்பைக் குழாயால் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. நடைமுறையில் நீர் சேராமல் இது நடப்பது அரிது. ஆகவே ஒரு நாளைக் களாச் செய்வதே வழி. கப்பாரா கிடையாது. எப்படியும் எட்டு மணி நேரம் வெறும் வயிறாயிற்றே, நபில் நோன்பாக நிய்யத்து வைத்துக் கொள்ளலாமா என்று கேட்ட சகோதரருக்கும் இதுவே பதில். களாவை அடுத்த ரமளான் வருவதற்குள் நோற்றுவிட வேண்டும். காரணமின்றி அதையும் தாண்டிப் பிற்படுத்தினால், ஷாபிஈ மத்ஹபின்படி களாவுடன் ஒரு முத்து அரிசியும் ஏழைக்குக் கொடுக்க வேண்டிவரும்.